ஆயுளுக்கு ஒரு பேரம்

இன்னும் எத்தனை வருடம் உயிரோடு இருப்போமோ, அத்தனை வருடச் செலவையும் முன்கூட்டியே கட்டினால்தான் ஓய்வுக்கால விசா. மகள் இருக்கும் நாட்டின் சட்டம் அது. வீட்டை விற்றும் பாதிதான் தேறியது. பணம் கட்ட இன்று கடைசி நாள்.

“உங்க வயசுக்கு இருபது வருஷம்,” என்றார் விசா அதிகாரி.

“ரொம்ப அதிகம் சார், பாத்துப் போடுங்க. சுகர் இருக்கு,” என்று கெஞ்சினார் ஜவுளி வியாபாரி சாத்தப்பன்.

“அதுக்குத்தான் மாத்திரை இருக்கே.”

மனைவி உமையாளை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, “நெஞ்சுலயும் கோளாறு,” என்றார்.

அதிகாரி ஆயுளைக் கணிக்கும் கருவியை அவர் மார்பில் வைத்துப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் தொகையைப் பாதியாக்கி முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் உமையாள் அவர் கையைப் பிடித்தாள். “நெஞ்சுக் கோளாறு, சும்மா அடிச்சு விட்டதுதானே?”

“வியாபாரத்துல எப்பவாவது உண்மையும் சொல்லணும், உமையா.”