முதல்ல நான் ஊதறேன்

தேவாலய வாசலில் நுரையீரல் பரிசோதனை வண்டி நின்றது. முப்பது வருடம் ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கத்தில் உழைத்த ஹார்லனை, மனைவி லவோன் இழுத்து வந்திருந்தாள்.

"எனக்கென்ன கேடு? குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்று முரண்டு பிடித்தார்.

"பயந்தாங்கொள்ளி மனுஷா! சரி, முதல்ல நான் ஊதறேன். அப்புறம் நீங்க."

லவோன் குழாயை வாயில் வைத்து ஊதினாள். இருமல் வந்தது. சிரித்துச் சமாளித்தாள்.

திரையைப் பார்த்த நர்ஸ் சிரிக்கவில்லை.

"நுரையீரல் பாதிதாம்மா வேலை செய்யுது. சுரங்கத்துல எத்தனை வருஷம் இருந்தீங்க?"

"நானா? அந்தப் பக்கமே போனதில்லையே! இவர் போட்டுட்டு வர்ற சுரங்கத் தூசி படிஞ்ச சட்டையை தினம் உதறித் துவைச்சதோட சரி."

ஹார்லன் தலை நிமிரவில்லை.

"எங்களுக்காவது முகமூடி குடுத்தாங்க, லவோன்."