தோளில் போட்ட சேலை

சேலை எடுக்க வந்தவள் மறுபடியும் விரலைச் சொடுக்கினாள்.

நாயைக் கூப்பிடுகிறவர்கள்கூட வாயால் ஒரு சத்தம் கொடுப்பார்கள். இந்த அம்மாளுக்கு அந்தச் சிரமமும் வேண்டாம்போல.

“வாரேன்க்கா.”

சேலை எடுத்துக் காட்டுகிறவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு கடையுடையது. காலையில் சீருடையோடு சேர்த்து மாட்டிக்கொள்ள வேண்டும்.

விரித்துப்போட்ட சேலைகளில் மெத்தையே தெரியவில்லை. உட்கார்ந்திருந்தது வந்தவள். குனிந்தது, எம்பியது, அலமாரிக்கும் மெத்தைக்கும் நடந்தது எல்லாம் அவள். மயில்கழுத்து வேண்டாமாம். வெங்காயச் சருகு வேண்டாமாம். மாம்பழ மஞ்சளை வந்தவள் தள்ளிவிட்டாள்.

காலால்.

இன்னும் போணி ஆகவில்லை. அண்ணாச்சி சாம்பிராணி காட்டிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். முதலில் ஏறிய ஆள் வெறுங்கையோடு படி இறங்கினால் அன்றைக்கு யாவாரம் படுத்துவிடும் என்பது அவருக்கு வேதம். போன ஆடித் தள்ளுபடியில் போணியைக் கோட்டைவிட்ட ஒருத்தி மத்தியானச் சாப்பாட்டுக்கு இல்லை. அவளுடைய தூக்குவாளி மட்டும் அலமாரி மேல் கிடந்தது.

கடைசியாக ஓர் அரக்குச் சேலை. பச்சைக் கரை.

வந்தவளின் கண் அதில் ஒட்டியது. உடனே பிய்த்துக்கொண்டது. வாங்கத் தெரிந்தவள்தான். ஆனால் விற்கத் தெரிந்தவளுக்கு அந்த ஒரு நொடி போதும். அவள் முந்தியை உதறித் தன் தோளில் போட்டு, கரை தெரியத் திரும்பி நின்றாள். அதுதான் வேலை. மெத்தையில் கிடக்கிறவரை அது துணி. ஓர் உடம்பில் ஏறினால்தான் சேலை.

“ஏட்டி, உம் மேல போடாத. பொறவு அத எவ கெட்டுவா?” என்றாள் வந்தவள்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த மெத்தையில் ஜெபக்கனி, மடித்து முடித்த துண்டைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். அண்ணாச்சிக்கும் காதில் விழுந்தது. எரிந்துகொண்டிருந்த ஊதுபத்தியைச் சரி செய்தார்.

அவள் சேலையைத் தோளிலிருந்து எடுத்தாள். பல் பல்லை அரைத்தது. காலையில் குளித்த உடம்பு. இதிலிருந்து என்ன ஒட்டிக்கொள்ளும் என்று இந்த அம்மாள் பயப்படுகிறாள்? என்ன என்று அவளுக்குத் தெரியும். எந்தத் தெரு என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

வந்தவள் அதையே பாதி விலைக்குக் கேட்டாள். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

இதற்கென்று பஜாரில் ஒரு முறை உண்டு. போகிறவள் மெதுவாகப் போக வேண்டும். விற்கிறவள் படிக்கு வந்து கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் விலை இறங்கும், போனவள் படியேறுவாள். இரண்டு பேருக்கும் மரியாதை மிஞ்சும். கூப்பிடாமல் திரும்பி வந்தால் வருகிறவளுக்கு மூக்கு அறுந்தது.

“கூப்பிடு” என்றார் அண்ணாச்சி.

அவள் படிக்கு வந்தாள். கையில் அரக்குச் சேலை.

வந்தவள் அளந்து அளந்து நடந்துகொண்டிருந்தாள். பாத்திரக் கடையைத் தாண்டினாள். வளையல் கடை வாசலில் நின்று, வாங்கப்போவதில்லாத வளையலைத் தொட்டுப் பார்த்தாள்.

முதுகெல்லாம் காது.

ஒரே ஒரு வார்த்தைதான். அக்கா. விடிந்து அடைகிறவரை கண்டவளையும் கூப்பிடுகிற வார்த்தை. தொண்டைவரை வந்தது. வந்து அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

“போணிட்டி!” அண்ணாச்சி கல்லாவை விட்டே எழுந்துவிட்டார். “அவ போயிட்டான்னா நீயும் அவ பின்னாலயே போயிரு.”

அவள் சேலையை உதறினாள்.

சீருடைக்கு மேலேயே சுற்றினாள். கொசுவம் பிடித்துச் சொருகினாள். முந்தியைத் தோளில் போட்டு, கரை தெரிய இழுத்துவிட்டாள். படியின் நடுவில் நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

வெயில் நேராக அவள் மேல் விழுந்தது. அரக்கு பற்றிக்கொண்டு எரிந்தது.

தெருவில் போன சைக்கிள் ஒன்று தடுமாறியது. பால்செம்போடு போன ஒருத்தி நின்றாள். படியேறி வந்து, கேட்காமல் கொள்ளாமல், அவள் தோளிலிருந்த முந்தியைக் கையில் எடுத்துத் தடவினாள்.

“எம்மா, ஒனக்கு எம்புட்டு எடுப்பா இருக்கு! எம் மவளுக்கு இதே மாதிரி இருக்கா?”

“இது ஒண்ணுதான் இருக்கு” என்றாள் அவள். வளையல் கடைவரை கேட்கும்படி.

அங்கே ஒரு முதுகு திரும்பியது.

போகும்போது இருந்த நிதானம் வரும்போது இல்லை. பாத்திரக் கடையில் இடித்துக்கொண்டு, செருப்பு புரள, ஏறக்குறைய ஓட்டம்.

“யாரும் கூப்பிடலியேக்கா!” வளையல் கடைக்காரன் பின்னாலிருந்து சத்தம் போட்டான். தெரு சிரித்தது.

“ஏட்டி, அது நான் எடுத்து வச்சது. கழத்து.” வந்தவளுக்கு மூச்சு வாங்கியது. “சொன்ன விலையே தாரேன். கழத்துங்கேன்.”

அண்ணாச்சி வந்தவளையும் பால்செம்புக்காரியையும் மாறி மாறிப் பார்த்தார். ‘வாங்க’ என்று யாரிடம் சொல்வது என்று அவருக்கு விளங்கவில்லை.

அவள் சிரித்தாள். இந்தச் சிரிப்பு கடையுடையது அல்ல.

“நான் மேல போட்டுட்டேனே அக்கா.”

பால்செம்புக்காரி இன்னும் முந்தியை விடவில்லை.

வந்தவளின் கை உயர்ந்தது. கட்டைவிரலும் நடுவிரலும் சேர்ந்தன.

அப்படியே நின்றன.