இருபத்து மூன்றாம் பக்கம்

இருபத்திரண்டுக்கு அடுத்து இருபத்தைந்து இருந்தது. நடுவில் ஒரு தாளைக் காணோம்.

திருமலை எச்சில் தொட்டுப் புத்தகத்தை மறுபடியும் புரட்டினான். இல்லை.

கும்மிடிப்பூண்டியில் இருந்த அந்த ஆலையின் கம்ப்யூட்டர் அறையில் அந்தப் புத்தகம் வைத்ததுதான் சட்டம். மெஷினை ஓட்டும் ஆபரேட்டிங் சிஸ்டம் கேள்வி கேட்டால், என்ன பதில் தட்டுவது என்று அதைப் பார்த்துத்தான் தட்டுவார்கள். புத்தகத்தில் தப்பு இருந்தால் மெட்ராஸிலிருந்து திருத்திய தாள் வரும். பழைய தாளைக் கழற்றி எரித்துவிட்டு, புதியதைக் கோத்து, முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அது திருமலையின் வேலை.

போன வாரம் வந்த திருத்தம் இருபத்து மூன்றாம் பக்கத்துக்கு. பழைய பக்கத்தில் இருந்த பதிலைத் தட்டினால், காந்த நாடாவில் உள்ள பதிவெல்லாம் அழிந்துபோகும்.

‘மாற்றியவர்: திருமலை, பி.எஸ்ஸி.’ என்று அவன் கையெழுத்து முதல் பக்கத்தில் பளிச்சென்று இருந்தது.

மூன்று மணிக்கு மேனேஜர் பூவராகவன் வருவார். புத்தகத்தைச் சரிபார்த்த பிறகுதான் அவனை நிரந்தரமாக்கும் உத்தரவில் கையெழுத்திடுவார். இவனுக்கு முன்னால் இதே நாற்காலியில் இருந்த ஜெயராஜ், ஒரு தாளை மாற்றாமல் விட்டதற்காக அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பப்பட்டான்.

திருமலையின் ஊரில் அவன்தான் முதல் பட்டதாரி. ‘வேலை நிலைச்சுதா?’ என்று அப்பா வாரம் ஒரு தபால் கார்டு, யாரையாவது பிடித்து எழுதவைத்து அனுப்புகிறார்.

“இன்னா, மூஞ்சி வெளுத்துப்போச்சு?” என்றாள் சந்திரகலா. கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் கார்டுகளில் துளை போடுகிறவள்.

“ஒரு தாளைக் காணோம்.”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “காலையில குப்புராஜ் அண்ணன் ஒரு தாளை மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கினாரு. நான் சொன்னேன்னு சொல்லிடாதே.”

குப்புராஜ் மூத்த ஆபரேட்டர். பழவேற்காட்டுக்காரர். பத்தாவது தாண்டாதவர். திருமலையை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இந்த வேலைக்குத் தன் மச்சானைக் கொண்டுவரப் பார்த்தார் என்று ஆலையில் ஒரு பேச்சும் உண்டு.

“அண்ணா, அந்த இருபத்து மூணாம் பக்கம்…”

“நான்தான் எடுத்தேன். டீ கொட்டிப்போச்சு. தூக்கிப் போட்டேன்.”

“என் கையெழுத்து இருக்குதுண்ணா. மூணு மணிக்கு சார் வராரு.”

“வரட்டுமே. காலேஜுல பக்கத்தை எண்ணத்தான் சொல்லிக் குடுத்தாங்களா, பி.எஸ்ஸி?”

திருமலை கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டே முக்கால். குளிர்பதன அறையில் சட்டை முதுகோடு ஒட்டியது.

பூவராகவன் வந்தார். நின்றபடியே புரட்டினார். விரல் நின்றது.

“இருபத்து மூணு எங்கே?”

திருமலை குப்புராஜைத் திரும்பிப் பார்த்தான்.

“நான் சரியாத்தான் கோத்தேன் சார். குப்புராஜ் அண்ணன்தான் எடுத்துட்டாரு. அவரே சொன்னாரு.”

“அப்படியா குப்புராஜ்?”

“ஆமா சார். டீ கொட்டிச்சு.”

“மெஷின் ரூம்ல டீயா? நேத்து வந்த பையனுக்கு இருக்கிற பொறுப்பு உனக்கு இல்லையே. இத்தனை வருஷம் என்னத்தைக் கிழிச்சே?”

குப்புராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அங்கேயே மெமோ எழுதப்பட்டது. அவர் சர்வீஸில் முதல் மெமோ. மெட்ராஸிலிருந்து வேறு தாள் வரும்வரை அந்தப் பக்கத்து வேலையை மெஷினில் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு, பூவராகவன் அடுத்த காகிதத்தை எடுத்தார். திருமலையின் உத்தரவு. கையெழுத்து விழுந்தது.

“இப்படியே கவனமா இரு,” என்றார்.

சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் குப்புராஜ் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். திருமலை தயங்கித் தயங்கிப் போய் நின்றான்.

“மனசுல வெச்சுக்காதீங்கண்ணா. கேட்டாரு, உண்மையைச் சொன்னேன்.”

அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தார். “ஊட்டுக்குப் போய் அடுப்புல போடு. யார் கண்ணுலயும் படக் கூடாது.”

பிரித்தான். இருபத்து மூன்றாம் பக்கம். டீக்கறை எங்கேயும் இல்லை.

அடியில் சின்ன எழுத்தில் வருஷம் இருந்தது: 1973.

போன வாரம் வந்த தாளில் 1976 என்று அல்லவா இருந்தது?

திருமலை புதிய தாளை எரித்துவிட்டு, பழையதையே திருப்பிக் கோத்திருக்கிறான். கோத்துவிட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறான்.

“பக்கத்துல பக்கத்துல வெச்சா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். கை மாறிடும்,” என்றார் குப்புராஜ்.

“காலையிலேயே என்கிட்ட சொல்லியிருக்கலாமேண்ணா?” என்றான் திருமலை.

குப்புராஜ் சைக்கிளை உருட்டிக்கொண்டு நகர்ந்தார்.

“சொல்லியிருந்தா, நேரா அவர்கிட்ட போய் ‘நான்தான் சார்’னு ஒத்துக்கினு இருப்பே. நீ உண்மை பேசுற ஆளாச்சே, தம்பி.”