சாலைப் பக்கத்து ஓட்டை

பனி விழும் மாதம் பிறந்துவிட்டால் சர்புதீன் லாயத்தில் முதலில் அடைப்பது சாலைப் பக்கத்துத் தகரச் சுவரின் ஓட்டையைத்தான். சாலைக்கு அப்பாலுள்ள ஏரியின் காற்று நேராக அந்த வழியாகத்தான் உள்ளே நுழையும். இந்த வருடமும் அதில் சாக்கைத் திணித்தார். தரையில் உலர்ந்த வைக்கோலை அடர்த்தியாகப் பரப்பினார். கிழட்டுச் சவாரிக் குதிரை ஜூலிக்குப் போர்த்தத்தான் ஒன்றுமில்லை. பழைய கம்பளியை எலி கடித்துவிட்டது.

மனைவி பௌசியா பெட்டியைத் திறந்து ஒரு நீலக் கம்பளியோடு வந்தாள். மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துபோன மகள் ஷமீனா கடைசியாகப் போர்த்தியிருந்தது. அதைப் பௌசியா துவைக்கவே இல்லை.

"இதையா?" என்றார்.

"பெட்டியில கெடந்து யாருக்கு ஆகப்போகுது. போடுங்க."

போர்த்தியதும் ஜூலி கழுத்தைத் திருப்பிக் கம்பளியை முகர்ந்தது. பிறகு லாயத்தை விட்டு வெளியே வந்து, பள்ளிக்கூடம் விட்டதும் ஷமீனா கேரட்டோடு ஏறி வரும் சாலையைப் பார்த்துக் காதுகளை விடைத்துக்கொண்டு நின்றது. இருட்டத் தொடங்கியது. புல்லில் பனி இறங்கியது. கயிற்றைப் பிடித்து இழுத்தும் அது நகரவில்லை. சர்புதீன் கம்பளியை உருவப் போனார்.

"விடுங்க," என்றாள் பௌசியா. "அதுவாச்சும் புள்ள வரும்னு நெனச்சுக்கிட்டு நிக்கட்டும்."

அவர் கம்பளியை விட்டுவிட்டு லாயத்துக்குள் போனார். தகர ஓட்டையில் திணித்திருந்த சாக்கைப் பிடுங்கி வெளியே எடுத்தார். குளிர்காற்று முகத்தில் அடித்தது.

"உள்ள வா ஜூலி," என்றார். "இங்கருந்தும் ரோடு தெரியுது."