கட்டைவிரலில் ஒரு மரு

"இவ விரல் வச்ச கண்ணாடியில நான் விரல் வைக்கவா? முடியவே முடியாது!"

காலை எட்டு இருபத்தைந்து. நெருப்பெரிச்சல் என்ற ஊரின் பனியன் கம்பெனி வாசலில் லைன் சூப்பர்வைசர் ரோஸ்மேரி போட்ட சத்தத்தில் இரும்புக் கேட்டே அதிர்ந்தது. அவளுக்குப் பின்னால் வரிசையில் அறுபது பேர்.

சுவரில் புது விரல்ரேகை மெஷின். வந்து பத்து நாள்தான் ஆகிறது. பூஜை போட்ட அன்று, ரேகை பார்க்கும் கண்ணாடி மேலேயே சந்தனம் குங்குமம் அப்பியதில், நாள் முழுக்க ஒருத்தர் விரலும் அதற்குத் தெரியவில்லை. அது தனிக் கதை.

மெஷின் முன்னால் கூனிக்குறுகி நின்றவள் டெய்லர் ராமாயி. வலது கட்டைவிரலில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு மரு. பக்கத்து விரலில் குட்டியாக இன்னும் இரண்டு.

மூன்று மாதமாக அதற்கு வைத்தியம் சொல்லாத ஆள் அந்தக் கம்பெனியில் கிடையாது. சுண்ணாம்பு வைத்தாள், தோல் வெந்தது. குதிரைவால் முடியை இறுக்கிக் கட்டச் சொன்னார்கள்; அது கிடைக்காமல் பனியனுக்குப் போடும் லைக்ரா நூலைச் சுற்றினாள், விரல் வீங்கியது. கோயில் குளத்தில் உப்பும் மிளகும் போட்டாள், மீனுக்குத்தான் காரம். கடைசியில் நூல் வெட்டும் டிரிம்மரை எடுத்து மருவையே வெட்டினாள். ஒன்று மூன்றாயிற்று. இப்போது துணியைப் பிடித்தாலே உயிர் போகிற வலி.

டாக்டரிடம் மட்டும் போகவில்லை. அவளுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை. டாக்டருக்கும் அன்றைக்குத்தான் லீவு.

"மெல்லப் பேசுங்கக்கா, எல்லாரும் பாக்காக..."

"பாக்கட்டும்! ஒண்ணா இருந்தது மூணா நிக்கி. நாளைக்கு எங்க அறுபது பேருக்கும் வரணுமாட்டி?"

நேற்று மதியம் ராமாயியின் டிபன் பாக்ஸில் கைவிட்டுக் கருவாடு எடுத்துத் தின்ற சோணைமுத்து, இரண்டடி பின்னால் போனான். அவனைப் பார்த்து வரிசையே பின்னால் போயிற்று.

முதலாளி சுப்பண்ணன் ஓடி வந்தார்.

"என்னங்கம்மிணி இது? எட்டரைக்கு லைன் ஓடோணும், வெள்ளிக்கிழமை கன்டெய்னர் போகோணும். இங்க என்ன கூட்டம்?"

"மொதலாளி, இவ கையில இருக்கது ஒட்டுவாரொட்டி. இனி நாங்க யாரும் இந்த மெஷினைத் தொட மாட்டோம்."

"அட, வெறும் மருவுதானுங்க! அதுக்கா இத்தன கூத்து? ஷிப்மென்ட் முடியட்டும், பாத்துக்கலாம்."

ராமாயிக்கு மனப்பாடமான பதில். டாக்டரிடம் போக வேலை நேரத்தில் வெளியே விடும் கேட் பாஸ் கேட்டு அவள் போனபோதெல்லாம் இதேதான்.

ரோஸ்மேரி குரலைத் தாழ்த்தினாள்.

"நாளைக்கு நம்ம சரக்கு வாங்குறவங்க ஆடிட்டுக்கு வாராங்கள்லா மொதலாளி? அந்த வெள்ளைக்கார அம்மா, புது மெஷினாச்சேன்னு ஆசையா ஒரு விரலை வச்சுப் பாத்துட்டா?"

சுப்பண்ணனுக்குக் குப்பென்று வேர்த்தது. கர்ச்சீப்பை எடுத்தார். முகத்தைத் துடைக்கவில்லை, மெஷினைத் துடைத்தார்.

"டிரைவரு! காரை எடப்பா! இந்தப் புள்ளய இப்பவே தோல் டாக்டருகிட்ட கூட்டிட்டுப் போ. அம்மிணி, நீங்களும் கூடப் போயிட்டு வாங்க. கை சரியாகற வரைக்கும் இந்தப் புள்ள நோட்டுல கையெழுத்துப் போட்டாப் போதும். மெஷின் பக்கம் வரவே கூடாது, ஆமா!"

"இவகூட நானா? என் தலையெழுத்து," என்று முனகிக்கொண்டே ரோஸ்மேரி காரில் ஏறினாள்.

ராமாயி வாழ்க்கையில் முதல்முறையாக ஏசி காரில் போனாள். அழுதுகொண்டே போனாள்.

"நம்ம ஊர்ப் பக்கத்துக்காரின்னு நம்புனேனேக்கா. அறுபது பேர் முன்னால மானத்தை வாங்கிட்டீங்களே. இனி எவ எங்கூட உக்காந்து சோறு திம்பா? வேலையும் போயிரும்."

ரோஸ்மேரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டரம்மா லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"சாதாரண மரு. ஒரு வைரஸ்தான் காரணம். தொட்டா ஒட்டலாம், ஆனா ஊரையே காலி பண்ற ஜாதி இல்ல. நீயாத்தான் வெட்டி, கிள்ளி, பக்கத்து விரல்ல நாத்து நட்டு வச்சிருக்கே. முதல்ல இந்தப் புண்ணு ஆறட்டும். அப்புறம் தினமும் வெந்நீர்ல ஊறவச்சு, மரு மேல மட்டும் இந்த மருந்தை வச்சு, பிளாஸ்திரி ஒட்டு. ரெண்டு மூணு மாசம் ஆகும். டிரிம்மர் பனியனுக்கு மட்டும்தான், சரியா?"

ராமாயி தலையாட்டினாள்.

"இப்ப புண்ணைச் சுத்தம் பண்ணணும், எரியும். யாராவது கையைப் பிடிச்சுக்குங்க."

நர்ஸ் கையுறையைத் தேடினாள். அதற்குள் ரோஸ்மேரி தன் வெறுங்கையால் ராமாயியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ராமாயியின் அழுகை சட்டென்று நின்றது.

"அக்கா... ஒட்டுவாரொட்டின்னு சொன்னீங்க?"

"வாயை மூடிட்டுக் கையைக் காட்டுட்டி," என்றாள் ரோஸ்மேரி. "உன் கைக்குன்னு நானும் நாலு தடவை போய் பாஸ் கேட்டேன், ஷிப்மென்ட் முடியட்டும்னாரு. இன்னைக்கு மெஷினுக்குன்னு கேட்டேன். காரே வந்துட்டு."