தலைவருக்காக உட்கார்ந்தவர்

"தாடையைக் கொஞ்சம் தூக்குங்க. தலைவர் யார் முன்னாடியும் குனியறவர் இல்லை" என்றார் ஓவியர்.

சேணம் தைப்பவர் தாடையைத் தூக்கினார். தோலையும் ஊசியையும் பார்த்தே குனிந்துபோன கழுத்து அது. மூன்று நாளாக நிமிர்ந்து உட்கார்ந்த வலியில் உயிர் போயிற்று. ஆனால் உடம்பில் இருந்தது தலைவரின் சொந்தக் கோட்டு. வாயைத் திறக்க மனம் வரவில்லை.

சண்டை மும்முரமாக நடந்த வருடம். புகைப்படமெல்லாம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். தலைவரின் பெயர் தெரியாத குழந்தை கிடையாது. முகம் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். ஊருக்கு ஊர் படம் அச்சடித்து அனுப்ப வேண்டும், தலைவருக்கோ உட்கார நேரமில்லை. "உடம்புக்கு நீங்க உட்காருங்க. முகத்தை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தலைவரின் செயலாளரே சேணக் கடைக்கு வந்து, கையோடு அவரை அச்சகத்து மாடிக்கு அழைத்து வந்திருந்தார்.

நான்காம் நாள், ஓவியர் படம் வரைந்த அச்சுக்கல்லிலிருந்து முதல் தாளை உரித்தார்கள். கீழே கொட்டை எழுத்தில் தலைவரின் பெயர். மேலே, மூக்கோரத்து மச்சம் உட்பட, சேணக்காரரின் முகம்.

"என்னங்க இது, என் மூஞ்சியாச்சே."

"மாத்த வேண்டாம்னு உத்தரவு." ஓவியர் மை படிந்த விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "தலைவரே பார்த்துட்டு, இதுவே இருக்கட்டும்னாராம். ஒரு படம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

சேணக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை.

மனைவி படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப இனிமே உங்களை விறகு பிளக்கச் சொல்ல முடியாது. நாட்டை யார் பார்த்துக்கறது?"

மகள் விறைப்பாக நின்று வணக்கம் வைத்தாள். அவர் படத்தைச் சுவரில் மாட்டினார். தலைவரின் படையில் சேர்ந்து பிணமாகக்கூடத் திரும்பாத அண்ணன் இதைப் பார்க்க இல்லையே.

பத்து நாள் கழித்து, பட்டப்பகலில், ஓவியர் கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

"வீட்டுல எல்லாரையும் கூட்டிக்கிட்டு இன்னிக்கே எங்கயாவது போயிடுங்க. தாடி வளர்த்துக்குங்க."

"எதுக்குங்க? படம் ஜனங்களுக்குப் பிடிக்கலையா? ஊர்ல ஒரு சுவத்துலகூடக் காணோமே, நானே கேட்கணும்னு இருந்தேன்."

"ஜனங்களுக்குன்னு ஒண்ணுகூட அடிக்கலை." ஓவியர் வாசலைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "தலைவரைக் கொல்ல எதிரிங்க ஆள் அனுப்பறாங்க. வர்றவங்களுக்கு அவர் முகம் தெரியாது. உங்களுக்குக் கொடுத்தது போக, அடிச்ச ஐம்பது படத்தையும் ரகசியமா அவங்க கையிலதான் சேர்த்திருக்கோம்."