ஹெர்த்தாவுக்குத் திறக்காத கதவு

மறுபடியும் கதவு திறக்கவில்லை.

ஹெர்த்தா பெருமூச்சு விட்டு, மூக்கால் கம்பியைத் தள்ளிப் பார்த்தது. கம்பி அசையவில்லை. பின்னால் நின்ற இன்னொரு மாடு பொறுமை இழந்து அதை இடித்தது.

இதுவரை அதைக் கறந்துவந்த மகாதேவி, வேலிக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் கதவைத் தாண்டினால்தான் பால் கறக்கும் இயந்திரம். கதவுக்கு மேலே ஒரு கமரா. வந்து நிற்கும் மாட்டின் முகத்தைப் பார்த்து, இது இன்ன மாடு என்று தெரிந்த பிறகே திறக்கும். அதற்காகப் போன கிழமை, மகாதேவி வேலை செய்த பழைய பண்ணைக்கே ஆட்கள் வந்து எல்லா மாடுகளையும் படம் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

கூட வந்த மாடுகள் எல்லாம் உள்ளே போய்விட்டன. ஹெர்த்தா மட்டும் விசா கிடைக்காத ஆளைப்போல வாசலில் நின்றது.

காலையில் இந்தத் தொழுவத்துக்குள் கால் வைத்தபோது மகாதேவி வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றாள். இந்த நுனியில் நின்று பார்த்தால் அந்த நுனியில் நிற்கும் மாடு கன்றுக்குட்டி அளவுக்குத்தான் தெரிகிறது. அதட்ட ஆளில்லை, கட்டக் கயிறில்லை. மாடுகள் தங்கள் பாட்டில் எழும்பி, தாங்களாகவே பால் கொடுக்கப் போகின்றன. சிவப்பு வெளிச்சம் ஒன்று மடியைத் துழாவ, இயந்திரக் கை ஒரு காம்பையும் தவறவிடாமல் பிடிக்கிறது. முதுகு சொறிந்துவிடவும் தனியாக ஒரு பெரிய பிரஷ் சுழல்கிறது. மகாராணிகளுக்குக்கூட இந்தக் கவனிப்புக் கிடைத்திருக்காது.

இத்தனை வருடமாக இடுப்பொடியக் குனிந்து அவள் செய்த வேலை இது. பொறாமைப்படத்தான் வந்தாள். பொறாமை வரவில்லை. தேர் அசையத் தொடங்கும்போது உடம்பு சிலிர்க்குமே, அதுதான் வந்தது.

அந்த ஊரில் முன்பு தெருவுக்குத் தெரு பண்ணை இருந்தது. பிள்ளைகள் நகரத்துக்குப் போக, பெரியவர்களுக்கு ஏலாமல் போக, ஒவ்வொன்றாகப் பூட்டினார்கள். நிலமெல்லாம் இந்த ஒரே பண்ணைக்கு வந்து சேர்ந்தது. கடைசியாக, அவள் வேலை செய்த பண்ணையின் கிழவர் ஹைனரும் மாடுகளை இங்கே கொடுத்துவிட்டுப் பண்ணையைப் பூட்டிவிட்டார். முழங்கால் இரண்டும் போய்விட்டன, பாவம்.

நிலக்சன் கையில் டப்லட்டோடு வந்தான். இந்த நாட்டிலேயே பிறந்து, விவசாயத்தில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்து, இந்த மாடுகளுக்கெல்லாம் பொறுப்பாக இருக்கும் தமிழ்ப் பிள்ளை. இன்று அவள் கண்ட அதிசயங்களில் அவனும் ஒன்று.

“மிசின் எடுக்காத மாட்டை வச்சிருக்க ஏலாது, அன்ரி. மத்தியானம் லொறி வருது.”

லொறி எங்கே போகும் என்று அவள் கேட்கவில்லை. இறைச்சிக்குத்தான். முன்பென்றால், ஒருவர் வேண்டாம் என்ற மாட்டைப் பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து கேட்டு வாங்கிப் போவார். இப்போது பக்கத்துப் பண்ணை என்று ஒன்று இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் இதே பண்ணைதான்.

அவன் கமராவின் கண்ணாடியைத் துடைத்தான். அதில் பழுதில்லை. போன கிழமை எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு மாடு. அவனுக்கு அது ஆயிரம் மாடுகளில் இன்னொன்று.

மகாதேவி எட்டிப் பார்த்தாள். படத்தில் ஹெர்த்தாவின் நெற்றியில் பளிச்சென்று வெள்ளைச் சுட்டி.

அவள் வாசலில் நின்ற ஹெர்த்தாவின் நெற்றியைத் திரும்பிப் பார்த்தாள்.

விடிய, இங்கே கொண்டுவர மாடுகளை ஏற்றுமுன், ஹெர்த்தாவின் முகத்தை அவள்தான் கடைசியாகக் கையில் ஏந்தினாள். இவ்வளவு வடிவான பிள்ளை இத்தனை கண்களுக்கு நடுவில் போகிறதே, கண்ணூறு பட்டுவிடுமே என்று மனசு கேட்கவில்லை. தமிழ்க் கடையில் வாங்கிய மையைத் தொட்டு, அந்த வெள்ளைச் சுட்டியின் நடுவில், கைக்குழந்தைக்கு வைப்பதுபோல ஒரு பெரிய கறுத்த பொட்டு வைத்துவிட்டாள்.

உடம்பெல்லாம் கறுப்புத் திட்டாக இருக்கும் மாட்டில் இன்னொரு கறுப்பை யார் கவனிக்கப்போகிறார்கள்? கமரா கவனித்துவிட்டது.

வேலிக்குள் புகுந்தாள். ஜக்கெட்டின் கையில் எச்சில் தொட்டு அழுத்தித் தேய்த்தாள்.

“அசையாதையடி பிள்ளை. நான் செய்த வேலை, நானே அழிக்கிறன்.”

மை அவள் விரலெல்லாம் ஒட்டியது. சுட்டி முதலில் சாம்பலானது, பிறகு மெல்ல வெளுத்தது.

கதவு சத்தமில்லாமல் திறந்தது.

ஹெர்த்தா அவளைத் திரும்பியும் பார்க்காமல் உள்ளே போனது. இயந்திரக் கை நீண்டது. குழாயில் பால் பாய்வதைப் பார்த்து மகாதேவிக்குக் கண் நிறைந்துவிட்டது. கொஞ்சம் வலித்தது, பொய் சொல்வானேன். ஆனால் அந்தக் கை எவ்வளவு பக்குவமாகப் பிடிக்கிறது!

நெற்றியில் என்ன இருந்தது என்று நிலக்சன் கேட்டான். ஊத்தை என்று சொல்லிவிட்டாள்.

வெளியேறுமுன் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். வரிசை வரிசையாக முகங்கள், ஒன்றையொன்று மிஞ்சும் வடிவு. ஊர் முழுக்க இருந்த பண்ணைகளின் மாடெல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. இவ்வளவையும் ஒரு காவலும் இல்லாமல் எப்படி விட்டுவிட்டுப் போவது?

வாசலில் அண்ணாந்து பார்க்கவைக்கும் இரும்புத் தூண் ஒன்று. விரலில் இன்னும் மை இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் விரலை நீட்டினாள்.

“அன்ரி,” என்றான் நிலக்சன் பின்னாலிருந்து. “கமரா பாக்காத பக்கமா வையுங்கோ.”

வெட்கத்தோடு தூணைச் சுற்றி, அவன் கைகாட்டிய மறுபக்கம் போனாள்.

அங்கே, காய்ந்து தூசி படிந்து, ஏற்கெனவே ஒரு கறுத்த பொட்டு இருந்தது.